ஆளுக்கு ரெண்டு உருண்டை

எங்கள் ஊர்ப் பக்கத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களைவிடக் குச்சி என்று கூப்பிட்டவர்கள்தான் அதிகம். தீர்த்தமலைக்கு வேண்டிக்கொண்டு பெற்றதால் தீர்த்தம்மாள் என்று அப்பா வைத்த பெயர், வாய் நிறையக் கூப்பிடக்கூடிய பெயர், சும்மாதான் கிடந்தது. பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போனால் வெற்றிலைக்காரி முதல் வளையல்காரர் வரைக்கும், "காத்தடிக்குது, பாத்துப் போ குச்சி" என்பார்கள். உலகத்தில் இதுவரை யாருக்கும் தோன்றாததைச் சொல்லிவிட்ட மாதிரி அவர்களே சிரித்துக்கொள்வார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், நன்றாகத் திட்டிவிட்டுத்தான் நகர்வேன். உடம்பில் இல்லாத கொழுப்பெல்லாம் இவளுக்கு வாயில் இருக்கிறது என்று அதற்கும் ஒரு பேச்சு வாங்குவேன்.

கோபத்தைவிட எனக்குக் கேள்விகள் அதிகம். ஆட்டுக்கு முன்பக்கம் மேல்பல் ஏன் இல்லை, உப்பு போட்டால் அட்டை ஏன் சுருங்குகிறது என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். "போடி, போய் வேலையப் பாரு" என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில். பதில் சொன்னது ஒரே ஒருத்திதான். பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்குப் பென்னாகரத்திலிருந்து வந்த நர்ஸம்மா அவள். கொடியை அறுத்தால் குழந்தைக்கு வலிக்காதா என்று நான் வாசலில் நின்று கேட்டேன். வலிக்காது என்று சொன்னதோடு விடாமல், ஏன் வலிக்காது என்றும் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், நானும் அந்த வேலைக்குத்தான் போவேன் என்று.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, வீட்டில் சும்மா இருந்து, பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணுக்கு ஏதாச்சும் சீக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய், எனக்கு இருபத்திரண்டு வயதாகிவிட்டது. எழுபத்தொன்றாம் வருஷம் ஆவணியில்தான் நர்ஸ் பயிற்சிக்குத் தேர்வாகியிருப்பதாகத் தகவல் வந்தது. இனி உடம்புப் பரிசோதனை மட்டும்தான் பாக்கி. அண்ணன் மாது என்னைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

எடை மேடையில் ஏறி நின்றேன். முள் ஆடி நின்ற இடத்தைப் பார்த்துவிட்டுத் தெரசா சிஸ்டர் மெஷினை ஒரு தட்டு தட்டினார். முள் நகரவில்லை. என்னை இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார். முப்பத்தைந்து கிலோதான். குறைந்தது நாற்பது வேண்டுமாம்.

டாக்டரம்மா நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை இழுத்துப் பார்த்தார், முதுகில் குழாயை வைத்து மூச்சு விடச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள், பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். மத்தியானம் திரும்பக் கூப்பிட்டு, நோய் ஒன்றும் இல்லை என்றார். அதற்கப்புறம் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து, "கையக் குடு" என்றார். கொடுத்தேன். ஒரே இழுப்பு. மேஜைமேல் இருந்த காகிதங்களோடு நானும் குப்புற விழுந்தேன்.

"பிரசவ வலியில இருக்கறவ ஒன் கையத்தான் புடிச்சு இழுப்பா," என்றார். "நீயும் அவளோட கட்டில்ல விழுந்துட்டீன்னா குழந்தைய யார் புடிக்கிறது?"

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் சொன்னது நியாயமாக இருந்ததால் இன்னும் ஆத்திரம் வந்தது.

"வீட்டுல எல்லாரும் இப்படித்தானா?"

"பொம்பளைங்க எல்லாரும் இப்பிடித்தாங்க. அம்மா, அண்ணி, எங்க பெரியம்மா, எல்லாரும் குச்சிதான். வம்சமே அப்பிடீங்க. ஆம்பளைங்க மட்டும் அப்பா வாகுங்க."

கதவோரம் நின்ற அண்ணனை டாக்டரம்மா பார்த்தார். அவன் வாசலையே அடைத்துக்கொண்டு நின்றான்.

"ஒழுங்கா சாப்புடறியா?"

"அதெல்லாம் கொறை இல்லீங்க. ஆளுக்கு ரெண்டு உருண்டை களி. எங்க வூட்டுல ஆம்பளை பொம்பளைன்னு வித்தியாசமே கெடையாதுங்க."

இதை நான் பெருமையாகத்தான் சொன்னேன். அப்பா பச்சியப்பன் எங்கே போனாலும் சொல்கிற பேச்சு இது. மற்ற வீடுகளில் ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஒன்று என்று போடுவார்கள், என் வீட்டில் தலைக்கு ரெண்டு, யாராயிருந்தாலும் ரெண்டு என்று மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார். அது பொய்யும் இல்லை. என் தட்டில் என்றைக்கும் ரெண்டு உருண்டைதான் இருந்தது.

டாக்டரம்மா பேனாவை மூடினார். "தை மாசம் பயிற்சி ஆரம்பிக்குது. அதுவரைக்கும் ஒன் இடத்த வெச்சிருக்கேன். அதுக்குள்ள எடையும் ஏறணும், கையில பலமும் வரணும். இல்லேன்னா அடுத்த பொண்ணுக்குப் போயிடும். ஒனக்கு அடுத்த வருஷம் வயசு தாண்டிடும், அதையும் நெனப்புல வெச்சுக்க."

திரும்பும்போது அண்ணன் பாப்பாரப்பட்டியில் இறங்கி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தான். வீடு போய்ச் சேருவதற்குள் அவனே முக்கால்வாசி தின்றுவிட்டான், பேச்சு வாக்கில்.

அடுத்த நாளிலிருந்து ஊரே எனக்கு வைத்தியம் பார்த்தது. வேர்க்கடலையை ஊறவைத்துத் தின்னச் சொன்னாள் ஒருத்தி, எள்ளும் வெல்லமும் இடித்துத் தின்னச் சொன்னாள் இன்னொருத்தி. பேய் பிடித்திருக்கும், வேப்பிலை அடிக்கலாம் என்று ஒரு பெரியவர் யோசனை சொன்னார். அவருக்கு என் வாயிலிருந்து கிடைத்ததை இங்கே எழுத முடியாது. அம்மா முனியம்மாள் தன் பங்குக்கு, அடைகாக்க வைத்திருந்த முட்டையில் தினம் ஒன்றை எடுத்து எனக்கு வேகவைத்தாள்.

அந்த முட்டை என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். அண்ணன் ஏர் ஓட்டிவிட்டு வந்து சட்டையில்லாமல் உட்காருவான். முதுகில் வேர்வை ஓடும். அம்மா முட்டையைப் பார்ப்பாள், அவனைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டாள். நானே எழுந்து முட்டையை அவன் தட்டில் வைப்பேன். "நீ தின்னலியா?" என்பான். "தின்னுட்டண்ணா" என்பேன். யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை. வேர்க்கடலையும் எள்ளுருண்டையும் அப்படியே வந்தவர் போனவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன.

கையில் பலம் வரவேண்டுமே என்று கிணற்றில் கூடுதலாகத் தண்ணீர் சேந்தினேன். அண்ணி ராணியம்மாளின் முறையையும் சேர்த்து நானே ராகி அரைத்தேன். அண்ணனும் வேலைதான் செய்கிறான், அவன் கை திரண்டு கிடக்கிறது. நானும் செய்தால் எனக்கும் திரள வேண்டும், அதுதானே நியாயம்?

எடை பார்க்கத் தருமபுரிக்கு ஓடமுடியாது. பாப்பாரப்பட்டியில் அப்துல் ரஷீத் பாயின் புளி மண்டியில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு இருந்தது. அவர் மனைவி ஹாஜிரா அக்கா பள்ளிக்கூடத்தில் எனக்கு ரெண்டு வகுப்பு மேலே படித்தவள். வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் எல்லாரும் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கும் நேரத்தில் என்னைத் தட்டில் உட்காரவைத்து, அடுத்த தட்டில் படிக்கற்களை ஏற்றுவாள். ரெண்டாவது வாரம் ஏற்றினவள் ஒன்றைத் திரும்ப இறக்கினாள்.

"என்னாச்சு?"

"போன வாரத்துக்குக் கொறஞ்சிருக்குற தீர்த்தம்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குத் தெரியாமல், ஒரு புளி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். வேலை போய்விடும். அடுத்த பெண் போய்விடுவாள். நான் இங்கேயே ஆட்டுப் பல்லைப் பார்த்துக்கொண்டு கிழவியாகிவிடுவேன்.

கார்த்திகைத் தீபத்தன்று அண்ணி தன் தகரப் பெட்டியைத் திறந்து கல்யாண வெள்ளிக் காப்பை எடுத்துப் போட்டாள். விளக்கு வைக்கக் கையைத் தூக்கினாள். காப்பு சரசரவென்று முழங்கைக்கு ஓடியது. இறக்கினாள், மணிக்கட்டைத் தாண்டிக் கீழே விழப் பார்த்தது.

"இது யாரோடது அண்ணி?" என்றேன்.

"என்னோடதுதான். நீதான கண்ணாலத்தன்னிக்கு சோப்புத் தடவி மாட்டுன? தோலெல்லாம் செவந்து போச்சே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. டாக்டரம்மாவிடம் ஒல்லி வம்சம் என்று பட்டியல் போட்டபோது அண்ணியையும் சேர்த்துச் சொல்லியிருந்தேன். அண்ணி எப்படி எங்கள் வம்சமாவாள்? அத்தை மகளும் இல்லை, மாமன் மகளும் இல்லை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த அசல் பெண்.

"அண்ணி, ஒங்கம்மா ஒல்லியா?"

"எங்கம்மாவா? வாசக்கதவுல ஒருக்களிச்சுத்தான் வூட்டுக்குள்ளயே வரும்."

"ஒங்கக்கா?"

"அதுக்கு ஒரு பங்கு மேல. எதுக்குடி கேக்கற?"

"அப்ப நீங்க ஏன் எங்க வம்சம் மாதிரி ஆனீங்க?"

அண்ணி விளக்கோடு நின்றுவிட்டாள். அம்மா உள்ளேயிருந்து, "புகுந்த வூட்டுத் தண்ணி ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்றாள். தண்ணீராக இருக்குமோ என்று நானும் யோசித்தேன். அதே கிணற்றுத் தண்ணீரைத்தான் அண்ணனும் குடிக்கிறான். வேலையாக இருக்குமோ? அவனும் செய்கிறான். அப்படியானால் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் நடக்கிறது என்ன? அன்று ராத்திரி தூக்கமில்லை எனக்கு. கவலையில் இல்லை, தெரிந்தே ஆகவேண்டும் என்கிற அரிப்பில்.

மறுநாள் சாயங்காலம் அடுப்படியில் ஒரு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அம்மா பானையைக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு களி கிண்டினாள். மரத்தட்டில் கொட்டி, கையைத் தண்ணீரில் நனைத்து உருட்டினாள். பிறந்ததிலிருந்து பார்க்கிற காரியம். எனக்கே உருட்டத் தெரியும், நாங்கள் மூன்று பேரும் முறைபோட்டுத்தான் உருட்டுவோம். ஆனால் உட்கார்ந்து பார்த்ததில்லை.

முதலில் அப்பாவுக்கு ரெண்டு. இரண்டு கையும் சேர்ந்து அள்ளின. அடுத்து அண்ணனுக்கு ரெண்டு. அவர்கள் கீரைக் கடைசலை ஊற்றித் தின்று, கை கழுவி, வெளியே போனார்கள். மிச்சக் களியை அம்மா ஒருதரம் பார்த்தாள். காலையில் கூழ் கரைக்க ஒரு பங்கைத் திரும்பப் பானையில் போட்டாள். அதன் பிறகு ஒரு கையாலேயே உருட்டினாள். அண்ணிக்கு ரெண்டு. எனக்கு ரெண்டு. கடைசியில் விரல் நுனியால் வழித்து, தனக்கு ரெண்டு. சிம்னி விளக்கு எப்போதும் ஆண்கள் பக்கம்தான் இருக்கும். இந்தப் பக்கம் இருட்டில், புகையில், தட்டில் இருப்பதை யாரும் பார்த்ததில்லை. எண்ணித்தான் பார்த்திருக்கிறோம். எண்ணிக்கை சரியாக இருந்தது.

கண்ணால் பார்த்தது போதாது எனக்கு. மறுநாள் கழனிக்குச் சாப்பாடு கொண்டுபோகிற முறை என்னுடையது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் தூக்குச் சட்டியில் நாலு உருண்டை, எனக்கு ஒரு இலையில் ரெண்டு. நேரே கழனிக்குப் போகாமல் சுற்றிக்கொண்டு மண்டிக்குப் போனேன். ஹாஜிரா அக்கா சில்லறைப் புளி நிறுக்கிற சின்னத் தராசைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு தட்டில் அப்பாவின் ஒரே ஒரு உருண்டை. அடுத்த தட்டில் என்னுடைய உருண்டை ஒன்றை வைத்தேன். அசையவில்லை. ரெண்டாவதையும் வைத்தேன்.

அப்பாவின் தட்டு கீழேயேதான் கிடந்தது.

"யா அல்லா" என்றாள் அக்கா.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெற்றவளா இவள்? சொந்தப் பெண்ணின் வயிற்றில் இப்படியா அடிப்பாள்? வீட்டுக்குப் போய் என்னென்ன கேட்கவேண்டும் என்று அங்கேயே சொல்லிக்கொண்டு நின்றேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, தராசைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டாள். "இன்னிக்கு உருட்டுனது யாரு? ஒங்கம்மாவா?"

நான்தான் உருட்டியிருந்தேன்.

விடியற்காலையில், என் கையால், எனக்கு உருட்டியிருந்தேன். யாரும் பக்கத்தில் இல்லை. சின்னதாக உருட்டு என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்குமேல் யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. உருண்டைகளைப் பழையபடி எடுத்துவைத்துக்கொண்டு கழனிக்கு நடந்தேன்.

புளியமரத்தடியில் அப்பாவும் அண்ணனும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் வழக்கமாகத் தள்ளிப்போய் உட்காருவேன். அன்றைக்குப் பகல் வெளிச்சத்தில், அவர்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்து என் இலையைப் பிரித்தேன். அப்பா ஒரு வாய் விழுங்கினவர் என் இலையைப் பார்த்தார்.

"யாரு கொழந்தைக்குடி கொண்டுபோற அத?"

"கொழந்தைக்கு இல்லப்பா. இது எனக்கு."

அப்பா கையை நீட்டி என் உருண்டை ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். தன்னுடையதைப் பார்த்தார். "தெனமும் இதானா?" என்றார். "ஆளுக்கு ரெண்டுதானப்பா" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன், அவருடைய குரலிலேயே. அண்ணன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டான்.

அன்று சாயங்காலம் அப்பா அடுப்படிக்கு வந்து, நின்றபடியே, "இனிமே கிண்ணத்துல அளந்து கவுத்துப் போடுங்க. எல்லாருக்கும் ஒரே கிண்ணம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அலுமினியக் கிண்ணம் ஒன்றை எடுத்துவைத்தேன். எல்லாம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். தீரவில்லை. கிண்ணத்து உருண்டை அண்ணனுக்கு அரை வயிற்றுக்குத்தான் போதுமாயிருந்தது. "இது என்ன ரேஷன் கடையா?" என்று கேட்டுவிட்டு மூன்றாவதும் வாங்கினான். கழனியில் மாடாக உழைத்துவிட்டு வந்தவனை நான் குற்றம் சொல்லவில்லை. அவனுக்குப் பசி. ஆனால் கடைசியில் மரத்தட்டில் எங்களுக்கு மிஞ்சியது பழைய கதைதான், கிண்ணத்தில் பாதிகூட வரவில்லை.

அப்போதுதான் புரிந்தது. அளவு மட்டும் போதாது, வரிசையும் மாற வேண்டும். மறுநாள் களி இறக்கியதும் முதல் வேலையாகப் பெண்கள் மூவருக்கும் ஆறு உருண்டை கவிழ்த்து, ஒரு மூலையில் முறத்தால் மூடிவைத்தேன். அம்மா பதறிப்போனாள்.

"ஆம்பளைங்க கை நனைக்கறதுக்கு முன்னாடி பானையில கை வெக்கறியேடி! நாலு பேரு பாத்தா காறித் துப்புவாங்க."

"நாலு பேரு தையில வந்து எடை மேடையில நிப்பாங்களாம்மா? நான்தான நிக்கணும்?"

"அதுக்குன்னு..."

"களி போதலைன்னா மாவு கூடப் போடலாம். கிண்டறது என் வேலை. நீ வாயைத் திறக்காத."

கூடுதலாகத்தான் மாவு போட்டோம். குதிரில் ராகி இறங்குவதை அம்மா தினமும் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். ஆனால் அப்பா ஒன்றும் கேட்கவில்லை, அண்ணனும் மூன்றாவது உருண்டையை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தான். முட்டையை நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றேன். யார் முகத்தையும் பார்த்தால் கொடுத்துவிடுவேன் என்று எனக்கே தெரியும்.

முதலில் வயிறு ஏற்கவில்லை. ரெண்டாவது உருண்டை தொண்டையில் நின்றது. எங்கள் வயிறு சின்ன உருண்டைக்கே பழகிப்போயிருந்தது போலிருக்கிறது. கொஞ்சங்கொஞ்சமாக அதுவும் வழிக்கு வந்தது. பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. சாப்பாட்டு வேளைக்கு முன்னாலேயே எனக்குப் பசிக்க ஆரம்பித்தது. அதற்கு முன் எனக்குப் பசி என்றால் லேசான தலைசுற்றல்தான். வயிறு கையை நீட்டிக் கேட்கும் என்பதே எனக்கு இருபத்திரண்டு வயதில் தெரிந்த சேதி.

கிணற்று வேலையும் இப்போது உடம்பில் ஒட்டியது. மத்தியானத்தில் நானும் அண்ணியும் வாசல்படிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று கையைக் கோத்து இழுத்துப் பழகினோம். முதலில் ஒரு இழுப்பில் நான் அவள்மேல் போய் விழுவேன், ரெண்டு பேரும் சிரித்து உருளுவோம். மார்கழி நடுவில் ஒருநாள் அண்ணி படியைத் தாண்டி என் பக்கம் வந்து விழுந்தாள். "அடிப்பாவி, எங்கிருந்துடி வந்துச்சு?" என்று என் புஜத்தைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளினால் பிடிபட ஏதோ இருந்தது. அவளுடைய காப்பும் இப்போது மணிக்கட்டிலேயே நின்றது. ஹாஜிரா அக்கா தராசில் படிக்கல் ஏற்றும்போதெல்லாம் அல்லாவை நினைத்துப் பிஸ்மி சொல்லி ஏற்றினாள்.

அம்மா மட்டும் அப்படியே இருந்தாள். அதே தோள் எலும்பு, அதே கழுத்துக் குழி. ஒரே கிண்ணம், ஒரே முறம், ஒரே குழம்பு. எங்களுக்கு ஏறியது அவளுக்கு ஏன் ஏறவில்லை? மறுபடியும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். முறத்தைத் தூக்கி எங்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். தன் தட்டில் ரெண்டை வைத்தாள். பேசிக்கொண்டே, ஏதோ ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே, ஒரு உருண்டையைப் பாதியாகக் கிள்ளிப் பானையில் போட்டாள். இன்னொன்றிலும் பாதியைக் கிள்ளிப் போட்டாள். பேச்சு நிற்கவில்லை.

"ஏம்மா அப்பிடிப் பண்ணுன?"

"என்ன பண்ணுனேன்?"

"களியப் பானையில போட்டியே."

அம்மா பானையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். அவள் முகத்தில் உண்மையிலேயே ஒன்றும் தெரியாத குழப்பம். சற்றுப் பொறுத்து, "காலையில கூழுக்கு ஆவும்ல" என்றாள். அதைக்கூட எனக்காகத்தான் தேடிப் பிடித்துச் சொன்னாள். நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் நினைவாகத் தின்பாள், மறுநாள் கை தன் வேலையைச் செய்துவிடும். எனக்கு எரிச்சலும் வந்தது, அழுகையும் வந்தது.

தை பிறந்ததும் தருமபுரிக்குப் போனேன். தெரசா சிஸ்டர் இந்தமுறை மெஷினைத் தட்டவில்லை. முள் நாற்பதைத் தாண்டி நின்றது. டாக்டரம்மா கையை நீட்டச் சொன்னார். நான் காலை ஊன்றிக்கொண்டு நின்றேன். அவர் இழுத்தார். அவருடைய நாற்காலிதான் கிறீச்சென்று என்னை நோக்கி நகர்ந்தது. சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"என்ன மருந்து சாப்பிட்டே?" என்றார் டாக்டரம்மா.

"என் பங்கைச் சாப்பிட்டேங்க" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கையெழுத்துப் போட்டார்.

கிளம்புகிற நாள் வந்தது. ரெண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும். அப்பா பஸ் நிறுத்தத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போயிருந்தார். அண்ணனும் அண்ணியும் கழனிக்குப் போகும்போதே சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுப்படிக்குள் நுழைந்ததும் அது போய்விட்டது. முறத்துக்கடியில் அம்மாவின் ரெண்டு உருண்டை மட்டும் இருந்தது. பானையை எல்லாரும் சாப்பிட்டபின் நான்தான் கழுவிக் கவிழ்த்திருந்தேன்.

"உக்காரும்மா" என்றேன்.

"பஸ்ஸு வந்துரும். நீ போ, நான் அப்புறம் தின்னுக்கறேன்."

"நீ தின்னாத்தான் போவேன்."

என் பிடிவாதம் அவளுக்குத் தெரியும். உட்கார்ந்தாள். திறந்திருந்த கதவுக்கு எதிரே, நல்ல வெளிச்சத்தில் தட்டை வைத்தேன், குழம்பை ஊற்றினேன். அவள் கை உருண்டையின் நடுவுக்குப் போனது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். என் விரல்கள் சுற்றிவந்து ஒன்றையொன்று தொட்டன, அவ்வளவு மெலிந்த கை. அவள் இழுத்துப் பார்த்தாள். என்னிடம் இப்போது பலம் இருந்தது.

"கிள்ளி எங்கம்மா போடப்போற? பானைகூட இல்ல."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிட ஆரம்பித்தாள். முதலில் எனக்காகத் தின்பதுபோல அவசரமாக விழுங்கினாள். பிறகு மெதுவானாள். முதல் உருண்டை தீர்ந்தது. ரெண்டாவதில் பாதி தாண்டியது. அங்கே நிறுத்துவாள் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. பேச்சும் இல்லை, ஆட்டுக்குட்டிக் கதையும் இல்லை. குழம்பை வழித்து, விரலைச் சூப்பி, தட்டைச் சுத்தமாக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தெருவில் பஸ் ஆரன் கேட்டது. எழுந்து கை கழுவுவாள், நான் கிளம்பலாம் என்று நின்றேன்.

அம்மா எழவில்லை. தலையைத் தூக்காமல், யாரோ வேற்று வீட்டில் விருந்துக்கு வந்தவள் மாதிரித் தயங்கித் தயங்கி, சின்னக் குரலில் கேட்டாள்.

"இன்னும் இருக்குதா கண்ணு?"

ஐம்பது வயதில் என் அம்மா சோறு கேட்டு நான் கேட்பது அதுதான் முதல் தடவை. கவிழ்த்த பானையை நிமிர்த்தி, தண்ணீர் ஊற்றி, அடுப்பில் ஏற்றினேன். நிறுத்தத்திலிருந்து திரும்பி வந்த அப்பா வெளியேயிருந்து என் பெயர் சொல்லிக் கத்தினார். பஸ்ஸைப் போகச் சொல்லுங்கள், மத்தியான பஸ்ஸில் போகிறேன் என்று பதிலுக்குக் கத்திவிட்டு, குதிரிலிருந்து மாவுக்கு ராகி எடுக்கப் போனேன்.